நாடியும் உயிரும்: இதயத் துணைக்கருவி குறித்த சைவசித்தாந்தச் சிந்தனை

இதயத் துணைக்கருவி என்பது, தளர்ந்துபோன இதயத்தின் வேலையை ஏற்றுச் செய்வதற்காக மார்புக்குள் பொருத்தப்படும் சிறு பம்பி. மாற்று இதயத்துக்காகக் காத்திருக்கும் நோயாளியை அதுவரை உயிரோடு காப்பதற்கே அது தொடக்கத்தில் பெரும்பாலும் பயன்பட்டது. இன்றைய பம்பிகள் இரத்தத்தை விட்டுவிட்டுத் தள்ளாமல் ஓயாத ஓட்டமாகத் தள்ளுகின்றன. அதனால் இக்கருவி பொருத்தியவரின் மணிக்கட்டில் விரல் வைத்தால் பெரும்பாலும் நாடி அகப்படாது. அவர் பேசுகிறார், நடக்கிறார், கோயில் வீதியைச் சுற்றி வருகிறார். நாடி மட்டும் இல்லை. நாடி விழுந்தால் உயிர் பிரிந்தது என்று தலைமுறை தலைமுறையாக அறிந்துவந்த சமூகத்துக்கு இது மருத்துவச் செய்தியோடு நின்றுவிடுவதில்லை. உயிர் உடலில் எங்கே நிற்கிறது, இயந்திரத்தால் நீளும் ஆயுள் வினைக்கு உட்பட்டதா, இன்னொருவரின் இறப்பை எதிர்பார்த்து வாழ்வது அறமா என்ற கேள்விகளை அது எழுப்புகிறது. சைவசித்தாந்தத்தைக் கோயில் மண்டபங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் கற்றுவந்த யாழ்ப்பாணக் குடாநாட்டின் மரபுக்குள்ளேயே இக்கேள்விகளை ஆராய்வதற்கான அளவைகள் இருக்கின்றன.

கருவியும் அதன் இயக்கமும்

நுரையீரலிலிருந்து வரும் இரத்தத்தை உடல் முழுவதற்கும் அனுப்புவது இடது இதயவறை. இதயத்தசை நலிந்து அந்த அறை சுருங்கும் வலுவை இழக்கும்போது சிறுநீரகம், ஈரல், மூளை ஆகிய எல்லாமே வாடத் தொடங்குகின்றன. துணைக்கருவியின் பம்பி இந்த அறையின் நுனியில் தைக்கப்படுகிறது. அங்கிருந்து இரத்தத்தை எடுத்து ஒரு குழாய் வழியாகப் பெருநாடிக்குள் செலுத்துகிறது. நோயாளியின் சொந்த இதயம் அகற்றப்படுவதில்லை. அது தன்னால் இயன்ற அளவு துடித்துக்கொண்டே இருக்கும்.

தற்போது பரவலாகப் பயன்படும் ஹார்ட்மேட் 3 என்ற பம்பியில் சுழலும் சக்கரம் எதையும் தொடாமல் காந்த விசையில் மிதக்கிறது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 5000 முதல் 6000 தடவை சுழல்கிறது. வயிற்றுத் தோலைத் துளைத்து வெளியே வரும் ஒரு கம்பிவடம் இடுப்பில் கட்டிய கட்டுப்பாட்டுப் பெட்டியோடும், தோளின் இருபக்கமும் தொங்கும் இரண்டு பற்றறிகளோடும் இணைகிறது. வைத்தியர் இதயத்தைக் கேட்கும் குழாயை நெஞ்சில் வைத்தால், கிணற்றடியில் ஓடும் மோட்டாரின் ஓசையைப்போல் இடையறாத ரீங்காரமே முதலில் கேட்கும். இரத்த அழுத்தத்தை வழக்கமான முறையில் அளக்க முடியாது. டொப்ளர் கருவியின் துணை வேண்டும். வடம் வெளியேறும் புண்வாயை நாள்தோறும் துப்புரவாகக் கட்ட வேண்டும். பம்பிக்குள் இரத்தம் உறையாதிருக்க வாபரின் மாத்திரையை விடாமல் எடுக்க வேண்டும். அந்த மாத்திரையால் இரத்தக்கசிவும், அதையும் மீறி உறையும் கட்டியால் பக்கவாதமும், வடத்தின் வழியே கிருமித்தொற்றும் ஏற்படக்கூடும்.

இதயமாற்றுச் சத்திரசிகிச்சை 1967 டிசம்பர் 3ஆம் திகதி கேப்டவுனில் கிறிஸ்டியான் பார்னார்டின் கையால் தொடங்கியது. காத்திருப்பவரை இயந்திரத்தால் தாங்கும் முயற்சி அதற்கு அடுத்தபடியாக வந்தது. 1969 ஏப்ரலில் ஹூஸ்டனில் டென்டன் கூலி ஒரு நோயாளியை முழுச் செயற்கை இதயத்தால் 64 மணிநேரம் தாங்கி, பின்னர் மாற்று இதயம் பொருத்தினார்; அந்த நோயாளி அதன்பின் இரண்டு நாள்கூட வாழவில்லை. 2001இல் வெளியான ரீமாட்ச் ஆய்வில், மருந்து மட்டும் பெற்றவர்களில் ஓராண்டு வாழ்ந்தோர் 25 வீதம். துணைக்கருவி பெற்றவர்களில் 52 வீதம். ஹார்ட்மேட் 3 பொருத்தப்பட்டோரில் ஐந்தாண்டு கடந்து வாழ்வோர் 58 வீதமளவு என்று 2022இல் வெளிவந்த முடிவுகள் காட்டின. கூலியின் காலத்தில் மணிக்கணக்கில் இருந்த காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீண்டுவிட்டது. மாற்று இதயம் பெறத் தகுதியற்றோருக்கு இறுதிவரை துணைநிற்கும் கருவியாகவும் அது மாறியிருக்கிறது. சில நாள்களுக்கான அவசர உதவி எழுப்பாத கேள்விகளை இந்த நீண்ட வாழ்வு எழுப்புகிறது.

உயிர் உடலின் எந்த இடத்தில்?

இதயம் இரத்தத்தை இறைக்கும் ஒரு தசை என்பதைக் குடாநாடு தமிழிலேயே கற்று நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. மானிப்பாயில் பணிசெய்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மாணாக்கருக்கு மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, உடற்கூற்று நூல்களையும் தமிழாக்கினார். அவர் பிறந்த அதே 1822இல் பிறந்த நல்லூர் ஆறுமுக நாவலர், உயிர் உடலின் வேறானது என்ற சித்தாந்தத்தைச் சிறுவருக்கும் விளங்கும் வினாவிடையாக எழுதினார். சமயத்தில் எதிரெதிர் நின்ற இருவரின் போதனைகளும் இதயத்தைப் பொறுத்தவரை மோதுவதில்லை. தசையைப் பற்றி ஒருவர் சொன்னார். தசையை ஆளும் பொருளைப் பற்றி மற்றவர் சொன்னார்.

சித்தாந்தத்தின் தலைநூலான மெய்கண்டாரின் சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரங்களால் ஆனது. அதன் மூன்றாம் சூத்திரம் உயிர் உண்டு என்பதை நிறுவுகிறது. உடல் மாயையால் ஆன இயந்திரம் என்று அச்சூத்திரமே வெளிப்படையாகக் கூறி, அந்த இயந்திரத்துக்குள் அதனின் வேறாக உயிர் நிற்பதைக் காரணங்களோடு காட்டுகிறது. என் கை, என் கால் என்று உடலை உடைமையாகச் சொல்கிறவன் அந்த உடைமையாக இருக்க முடியாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் உறக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஆழ்ந்து உறங்குபவனிடம் மூச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆனால் அறிதலும் நுகர்தலும் செயலும் இல்லை. மூச்சே உயிராயின் மூச்சு ஓடும் பொழுதெல்லாம் அறிவும் நிகழ வேண்டும். நிகழாமையால் மூச்சு உயிரன்று, உயிருக்கு ஒரு கருவி. மூச்சுக்குச் சொன்னது இரத்த ஓட்டத்துக்கும் பொருந்தும். நாடி என்பது உயிர் பயன்படுத்தும் கருவியொன்றின் அசைவு, உயிரே அன்று.

இதயத்துக்கு இம்மரபில் ஓர் இடம் உண்டு. ஆனால் தனியிடம் இல்லை. உயிரின் ஐந்து நிலைகளைச் சொல்லும் அவத்தை விளக்கத்தில் நனவு புருவநடுவிலும், கனவு கண்டத்திலும், உறக்கம் இதயத்திலும், பேருறக்கம் நாபியிலும், உயிர்ப்படக்கம் மூலாதாரத்திலும் நிகழ்வதாகக் கூறப்படும். இதயம் ஐந்து நிலைக்களங்களில் ஒன்று. பூசலார் நாயனார் திருநின்றவூரில் சிவனுக்கு உள்ளத்தில் கோயில் கட்டினார் என்று பெரியபுராணம் கூறும்போது, அந்தக் கோயில் எழுந்தது அன்பிலும் நினைவிலும். சத்திரசிகிச்சை நிபுணர் கையில் எடுக்கும் தசையில் அது இல்லை.

இதன்படி நாடியற்ற நோயாளி சித்தாந்தத்துக்குப் புதிராவதில்லை. உயிர் பக்குவமடைவதற்காக இறைவன் மாயையிலிருந்து தனு, கரணம், புவனம், போகம் என நான்கையும் படைத்துக் கொடுக்கிறான். தசையும் மாயையின் விளைவு. பம்பியின் டைட்டேனியமும் மாயையின் விளைவு. இரண்டும் சடமே. தன்னால் இயலாத ஒரு சடக்கருவிக்கு இன்னொரு சடக்கருவி துணைநிற்கிறது. இயந்திரம் பொருத்தியதால் அவரிடம் உயிர் குறைந்துவிட்டது என்றோ, அவர் பாதி மனிதர் என்றோ எண்ணுவதற்கு இம்மரபில் இடமே இல்லை.

மாற்று இதயம் பெற்றவர் கொடுத்தவரின் இயல்பையும் பெற்றுவிடுவாரா என்ற அச்சத்துக்கும் இங்கேயே விடை உண்டு. சாத்தனூரில் மேய்ப்பன் மூலன் இறந்துகிடக்க, அவனைச் சுற்றிக் கதறிய பசுக்களின் துயரைப் பொறாத சிவயோகியார் அவ்வுடலில் புகுந்து திருமூலரானார் என்பது பெரியபுராண வரலாறு. உடல் முழுவதும் மூலனுடையதாயிருந்தும் உள்ளே நின்றவர் யோகியாகவே இருந்தார். முழு உடலே ஆளை மாற்றாதபோது ஓர் உறுப்பு மாற்றாது. சென்னையிலுள்ள எம்ஜிஎம் ஹெல்த்கேர் மருத்துவமனையில் 2024இல் பாகிஸ்தானிய இளம் பெண்ணொருவருக்கு, டெல்லியில் மூளைச்சாவடைந்த ஒருவரின் இதயம் பொருத்தப்பட்டது. கே. ஆர். பாலகிருஷ்ணன் தலைமையிலான குழு அதைச் செய்தது. அதற்கு முன் அந்தப் பெண் துணைக்கருவியின் உதவியால் வாழ்ந்தவர். நாடும் மதமும் வகுத்த எல்லைகளைக் கடந்து சென்ற அந்த இதயத்தோடு எந்த உயிரும் எல்லை கடக்கவில்லை. ஓர் உயிர் தன் உடலில் தொடர்ந்து தங்க வழி பிறந்தது.

ஆயுளும் வினையும்

ஆயுள் ஊழால் வரையறுக்கப்பட்டது, அதை இயந்திரத்தால் நீட்டுவது இறைவனின் கணக்கில் கைவைப்பது என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூன்றாகப் பகுக்கிறது. இப்பிறவியில் நுகர வந்தது பிராரத்தம். நோய் அதன் வழியே வருகிறது என்றால், நோய்க்கு மருந்து கிடைப்பதும், மருந்தறிந்த வைத்தியர் வாய்ப்பதும் அதற்குப் புறம்பானவை அல்ல. பிராரத்தம் முடிந்த உடலை எந்தப் பம்பியும் நிறுத்திவைக்காது. முடியாத உடலைத் தாங்குவது வினைக்கு எதிரான செயலுமாகாது. மருந்தை மறுத்துவிட்டு ஊழின்மேல் பழிபோடுவதே புதிய ஆகாமியத்தை ஈட்டித்தரும்.

ஆண்டுதோறும் கோயில்களில் கந்தபுராணம் படித்துப் பயன்சொல்லும் குடாநாட்டுக்கு இதை விளக்க இரண்டு கதைகள் போதும். மார்க்கண்டேயருக்கு விதிக்கப்பட்ட ஆயுள் பதினாறு. சிவன் அதை நீக்கி அவரை என்றும் பதினாறாக வைத்தான். எல்லை நீள்வதே குற்றமென்றால் அந்தக் கதை புராணத்தில் இடம்பெற்றிருக்காது. அதே புராணத்தில் சூரபதுமன் 108 யுக ஆயுளை வரமாகப் பெற்றான். அவ்வளவு காலமும் அவனுடைய ஆணவத்தைத்தான் வளர்த்தது. நீண்ட ஆயுள் தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. உடலை வளர்ப்பது உயிரை வளர்ப்பதற்காக என்று திருமூலர் கண்டதும் இந்த உண்மையே. துணைக்கருவி தரும் ஆண்டுகளின் மதிப்பு அவற்றைக் கொண்டு செய்யப்படுவதில் தங்கியிருக்கிறது.

இன்னொருவரின் இறப்பு

மாற்று இதயத்துக்காகக் காத்திருப்பது இன்னொரு வீட்டில் சாவு விழக் காத்திருப்பதாகும் என்ற எண்ணம் பல நோயாளிகளை வருத்துகிறது. மனத்தால் செய்யும் வினையும் வினையே என்பதால் சைவர் இதை இலேசாக ஒதுக்க முடியாது. ஆயினும் ஒரு வேறுபாடு தெளிவானது. வீதி விபத்தாலோ மூளையில் இரத்தம் கசிந்தோ ஒருவர் இறப்பது காத்திருப்பவரின் விருப்பத்தால் நிகழ்வதில்லை. அவர் விரும்பாவிட்டாலும் அந்த இறப்பு நேரும். அந்த இதயம் நெருப்புக்குப் போகும். நல்லூர்க் கோயிலில் நின்று மாற்று இதயம் வேண்டுபவர், யாரும் சாக வேண்டும் என்று வேண்டவில்லை. நேர்ந்துவிட்ட சாவில் கிடைக்கும் கொடை வீணாகக் கூடாது என்றே வேண்டுகிறார். வேண்டுதல் அந்த அளவில் நிற்க வேண்டும். இங்கே துணைக்கருவிக்கு ஓர் அறப்பயனும் உண்டு. நாளை செத்துவிடுவோம் என்ற பதற்றத்தில் இருப்பவருக்கு அயலாரின் உயிர்மேல் அருளோடிருப்பது கடினம். கருவி அந்தப் பதற்றத்தைத் தணித்து, நேரிய மனத்தோடு காத்திருக்க அவகாசம் தருகிறது.

கடினமான கேள்வி கொடையாளியின் இறப்பைப் பற்றியது. இதயம் பெரும்பாலும் மூளைச்சாவடைந்தவரிடமிருந்தே எடுக்கப்படுகிறது. செயற்கைச் சுவாசக் கருவி காற்றைச் செலுத்துவதால் அவருடைய இதயம் துடிக்கிறது, உடல் சூடாயிருக்கிறது, நாடி திடமாக அகப்படுகிறது. காத்திருப்பவரிடம் நாடி இல்லை, உயிர் இருக்கிறது. கொடுப்பவரிடம் நாடி இருக்கிறது, உயிர் இல்லை. நாடியை மட்டும் நம்புகிற அறிவு இந்த இருவரையும் மாற்றி எண்ணிவிடும்.

மூளைச்சாவைப் பற்றிச் சித்தாந்த நூல்கள் நேரடியாக எதுவும் கூறவில்லை. மூன்றாம் சூத்திரத்தின் உறக்க வாதம் இருபுறமும் வெட்டும் என்பதையும் மறைக்கலாகாது. மூச்சும் நாடியும் இருப்பதால் மட்டும் உயிர் இருக்கிறது என்று சொல்ல முடியாதது போலவே, அறிவு விளங்காததால் மட்டும் உயிர் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. உறங்குபவனிடம் உயிர் உண்டு. உறங்குபவன் மீள்கிறான். ஆகவே கருவிகள் மீளவே முடியாதபடி அழிந்தனவா என்பதுதான் கேள்வி. அதை நூலால் அறிய முடியாது. சோதனையால் அறிய வேண்டும். கண்மணி ஒளிக்கு அசைகிறதா, தொண்டையைத் தொட்டால் எதிர்வினை உண்டா, சுவாசக் கருவியை விலக்கி இரத்தத்தில் கரியமிலவாயு ஏறவிட்டாலும் ஒரு மூச்சாவது எழுகிறதா என்று வைத்தியர்கள் முறைப்படி பார்க்கிறார்கள். இவற்றைச் செய்பவர்கள் மாற்றுச் சிகிச்சைக் குழுவைச் சேராதவர்களாயிருக்க வேண்டும் என்ற விதி, ஐயத்துக்கு இடமளியாத அறக்காவல்.

இலங்கையில் மனித இழையங்களை மாற்றிப் பொருத்துவது தொடர்பான 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் மூளையின் செயல்கள் மீளாது நின்றுபோவதை இறப்பாக ஏற்கிறது. 2017இல் கண்டி போதனா வைத்தியசாலையில் நாட்டின் முதலாவது இதயமாற்றுச் சத்திரசிகிச்சை நடந்தது. குடாநாட்டின் பிற சமயத்தவருக்கும் இதில் வழிகாட்டல் உண்டு. 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய சட்டவியல் மன்றம் மூளைச்சாவை ஏற்றது. 2000ஆம் ஆண்டில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அதைக் கத்தோலிக்க அறத்துக்கு முரணற்றதாகக் கண்டார். இலங்கைப் பௌத்தரிடையே ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தானச் சங்கம் உறுப்புக்கொடையைத் தான பாரமிதையாக வளர்த்தது.

சைவக் குடும்பங்களில் எஞ்சும் தயக்கம் கிரியை பற்றியது: இதயம் எடுக்கப்பட்ட உடலுக்குச் செய்யும் அபரக்கிரியை நிறைவாகுமா? சுண்ணமிடித்தல், தகனம், காடாத்து, எட்டு, முப்பத்தோராம் நாள் கீரிமலையில் செய்யும் அந்தியேட்டி ஆகிய எல்லாம் உயிரை நோக்கிச் செய்யப்படுபவை. உடல் கிடைக்காதபோது தர்ப்பையால் உருவமைத்துக் கிரியை செய்ய மரபு இடம் தருகிறது. போர்க்காலத்தில் உடலைக் காணாமலே தவித்த குடும்பங்களுக்கு அந்த இடத்தின் அருமை தெரியும். முழு உடலும் இல்லாதபோது நிறைவேறும் கிரியை ஓர் உறுப்புக் குறைவதால் குறைவுபடாது. நடமாடும் மனிதருக்குக் கொடுப்பது கோயிலில் உறையும் இறைவனைச் சேரும் என்பதும் திருமூலர் கொள்கை. அப்படியாயின் தகனத்துக்குப் போகும் இதயத்தை ஓர் உயிர் தங்கக் கொடுப்பது, இறந்தவரின் பேரில் செய்யத்தக்க பெரும் சிவபுண்ணியம்.

கருவியை நிறுத்துதல்

துணைக்கருவியோடு வாழும் எல்லோருக்கும் மாற்று இதயம் கிடைப்பதில்லை. பெரும் பக்கவாதமோ கட்டுப்படாத தொற்றோ வந்து மற்ற உறுப்புகள் ஒவ்வொன்றாக அணையும்போதும் பம்பி தன்பாட்டில் சுழன்றுகொண்டிருக்கும். அந்நிலையில் அதை நிறுத்துவது கொலையா? நிறுத்தும் கை புதிய நோயை உண்டாக்கவில்லை. ஏற்கனவே இருந்த இதயநோய் தன் வழியே செல்வதைத் தடுத்துநின்ற ஒன்றை விலக்குகிறது. மீட்சிக்கு வழியில்லாதபோது வழக்கத்துக்கு மீறிய சிகிச்சையைத் தொடரும் கடமை இல்லை என்று பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1957இல் வைத்தியர்களிடம் கூறியதும் இத்தகைய வேறுபாட்டையே நிலைக்களமாகக் கொண்டது. சித்தாந்தம் அதே முடிவுக்கு வேறு வழியில் வருகிறது. உயிர் கருவியாகக் கொண்டு பயனடைய முடியாதபடி உடல் சிதைந்தபின், அதற்குள் இரத்தத்தைச் சுற்றவிடுவது உயிருக்குச் செய்யும் உதவியன்று.

நோயாளி தெளிந்த அறிவோடு வாழும்போது சோர்வினால் நிறுத்தக் கேட்பது வேறு. உடல் வீடுபேற்றுக்கு வாய்த்த அரிய துணை என்று கொள்ளும் சைவம் அதை எளிதில் ஏற்காது. முதலில் வலியையும் தனிமையையும் தணிக்கச் சொல்லும். இந்த இரு நிலைகளையும் ஒன்றாக்காமல் பிரித்தறிவதற்கு, கருவி பொருத்தும் முன்பே நோயாளி, குடும்பம், வைத்தியர் மூவரும் வெளிப்படையாகப் பேசிக்கொள்வது அவசியம்.

யாருக்கு எட்டும்?

இலவச வைத்தியம் பெருமையோடு பேணப்படும் நாட்டில் இந்தக் கருவி நீதியின் கேள்வியையும் கொண்டுவருகிறது. ஒரு பம்பிக்கு ஆகும் பெருந்தொகையால் பழுதான வால்வுகளோடு வாழும் பல ஏழைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்யலாம். பற்றறியை நாள்தோறும் மின்னேற்ற வேண்டும். 1990களில் ஆண்டுக்கணக்காக மின்சாரமின்றி வாழ்ந்து, 2022இன் நெருக்கடியில் நீண்ட மின்வெட்டுகளையும் கண்ட குடாநாட்டில் அது சிறிய நிபந்தனையன்று. கொழும்பு நானூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது. எடுத்த இதயத்தைக் குளிரூட்டி வைத்தாலும் ஏறத்தாழ நான்கு மணிநேரத்துக்குள் பொருத்திவிட வேண்டும். எனவே காத்திருப்பவர் மாற்றுச் சிகிச்சை நடக்கும் நகரத்துக்கு அருகிலேயே குடியிருக்க நேரும். வசதியுள்ளவர் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்குப் பறக்கலாம். வசதியற்றவருக்கு அந்த வழி இல்லை.

இதற்கு விடை கருவியை மறுப்பதன்று. இளவயதில் வரும் வாதக்காய்ச்சலைச் சரியான நேரத்தில் பென்சிலினால் தடுப்பதும், இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் கட்டுப்படுத்துவதும், மூளைச்சாவை உரிய முறையில் அறிந்து குடும்பத்தோடு கனிவாகப் பேசத் தெரிந்த தாதியரையும் வைத்தியரையும் உருவாக்குவதும் முதற்கடன்கள். அவை நிறைவேறும் அளவுக்கே துணைக்கருவி சிலருக்கான சலுகையாக நில்லாமல் பொதுநன்மையாகும். தனு, கரணம் இரண்டும் உயிருக்கு இறைவன் தந்த இரவல் என்று கொள்ளும் சமயத்துக்கு இதில் தயக்கம் இருக்கத் தேவையில்லை. இயந்திரம் தரும் காலமும் இரவல். இறந்தவர் தரும் இதயமும் இரவல். பெற்றவர் அவற்றைப் பிறர்க்குப் பயன்படும் வாழ்வாக்குவதும், பெறக் காத்திருப்போர் எல்லோருக்கும் அவை எட்டச் சமூகம் முயல்வதும் அந்த இரவலுக்குரிய கடன்.